வலசைக் காலத்து நடைகள்

வழிகாட்டி ஒருவரோடு நடந்து இயற்கையைப் படிக்கும் பழக்கம் கொழும்பில் புரட்டாசியில் சூடுபிடித்து மாசி வரை நீள்கிறது. குளிர்நாடுகளில் பழுத்த இலைகளைப் பார்க்கச் சனம் காடுகளுக்குப் போகத் தொடங்குவதும் ஏறத்தாழ அதே நாட்களில்தான். இலங்கையின் ஈரவலயத்தில் காடு முழுவதும் ஒருமிக்க இலை உதிர்க்கும் பருவம் கிடையாது; இங்கே நடப்பவர்கள் தேடிப் போவது வடக்கிலிருந்து வந்திறங்கும் பறவைகளை. மத்திய ஆசிய வலசைப்பாதை எனப்படும் வான்வழி சைபீரியாவில் தொடங்கி, இந்தியாவைக் கடந்து, இலங்கையோடு முடிகிறது. தெவிநுவரக் கரைக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரைக்கும் கடல்தான். இந்தியாவின் மேற்குக் கரையோரமாக ஒரு கூட்டம், கிழக்குக் கரையோரமாக ஒரு கூட்டம், அந்தமான் பக்கமிருந்து இன்னொரு கூட்டம் என மூன்று வழிகளில் பறவைகள் தீவுக்குள் நுழைகின்றன. கரைப்பறவைகள் ஆகஸ்டிலேயே தலைகாட்டும். சிறு குருவிகள் செப்ரெம்பர், ஒக்ரோபரில் வந்து சேரும். ஏப்ரலுக்குள் பெரும்பாலானவை திரும்பிவிடும்.

தொண்ணூறுகளில் கொச்சிக்கடையிலிருந்து இந்த நடைகளுக்குப் போன பிள்ளைகள் இன்று நாற்பதைக் கடந்துவிட்டார்கள். இதை எழுதுபவரும் அவர்களில் ஒருவர். நீர்கொழும்புக்கு அப்பாலும் ஒரு கொச்சிக்கடை உண்டு. இங்கே பேசப்படுவது கொழும்பு 13இல், புனித அந்தோனியார் திருத்தலத்துக்கும் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கும் துறைமுக மதிலுக்கும் இடையில் நெருக்கிக் கட்டப்பட்ட ஊர். ஒருவர் வீட்டுச் சுவரில் அடுத்தவர் வீட்டுக் கூரை சாய்ந்திருக்கும். முற்றம் என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு கறிவேப்பிலைச் செடி, ஒரு துளசி. சிங்களத்தில் கொட்டம்பா எனப்படும் நாட்டு வாதுமை மரங்கள் மட்டும் அங்கங்கே தெருவோரங்களில் நின்றன. அவற்றின் அகன்ற இலைகள் விழுமுன் செக்கச்சிவந்து பழுக்கும். பாடப்புத்தகத்தில் இருந்த இலையுதிர்காலப் படத்துக்கு இந்தப் பிள்ளைகள் கண்ட ஒரே சாட்சி அதுதான். பறவை என்றால் காகம், புறா, மைனா, துறைமுகத்துக்கு மேல் வட்டமிடும் செம்பருந்து. புளுமெண்டால் குப்பைமேட்டில் உண்ணிக்கொக்குகள் நூற்றுக்கணக்கில் இறங்கும். சொல்லச் சங்கடமாக இருந்தாலும், வட கொழும்புப் பிள்ளைகள் பலர் பறவைக் கூட்டம் ஒன்றை முதன்முதலில் நின்று பார்த்தது அந்தக் குப்பைமேட்டில்தான்.

ஆனால் பருவம் மாறும்போது இந்த நெரிசலுக்குள்ளும் விருந்தாளிகள் வரும். மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக அமரும். கோயில் மதிலுக்குள் இருக்கும் மரத்தில் பழுப்புக் கீச்சான் ஒன்று தனக்கென ஓர் இடம் பிடித்து, விடியற்காலையில் கரகரவென்று கத்தும். அதை அடுத்த வருடமும் அதே கிளையில் காணலாம். எல்லாவற்றையும்விட நினைவில் நிற்பது ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, நீலத் தோள்பட்டை, சிவந்த அடிவயிறு, கட்டை வால். இமயமலை அடிவாரம் தொடக்கம் நடு இந்தியா வரை குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து கடலைக் கடந்து வருவது. நகர விளக்குகளில் திசை தடுமாறி, களைத்து, வீட்டு வராந்தாவிலும் தொடர்மாடிப் படிக்கட்டிலும் விழுந்து கிடக்கும். பிள்ளைகள் அதைச் சப்பாத்துப் பெட்டியில் வைத்துச் சோறும் பாண்துண்டும் போடுவார்கள். குருவி தொட்டும் பார்க்காது. அது மண்ணைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தின்னும் இனம். காற்றுத் துளையிட்ட பெட்டியை மூடி இருட்டான மூலையில் வைக்க வேண்டும், தொட்டுத் தொட்டுப் பார்க்கக் கூடாது, தெளிந்ததும் மரமுள்ள இடமாகப் பார்த்துத் திறந்துவிட வேண்டும் என்பது பிறகு நடைகளில் கிடைத்த அறிவு. அதற்கு முன் பெட்டிக்குள்ளேயே செத்த குருவிகளும் உண்டு.

இலங்கையில் இந்த நடைகளை வளர்த்தவை பெரும்பாலும் தன்னார்வச் சங்கங்கள். மூத்தது 1894இல் தோன்றிய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். அதைத் தொடங்கியவர்களில் வேட்டைக்காரர்களே அதிகம். சுடுவதற்கு மிருகம் இல்லாமற் போய்விடும் என்ற கவலையில் பிறந்த சங்கம் நாளடைவில் பாதுகாப்பின் பக்கம் வந்தது. இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இலையுதிர் காலந்தோறும் பருந்துகளைச் சுட்டுக் குவித்த மலை ஒன்று 1934இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணியின் முயற்சியால் சரணாலயமானது. இன்றும் அங்கே இலையுதிர் காலத்தில் ஆட்கள் மலையேறி, கடந்துபோகும் பருந்துகளை எண்ணுகிறார்கள். இலங்கையில் 1972இல் இளம் விலங்கியலாளர் சங்கம் தெஹிவளை மிருகக்காட்சிசாலையைத் தளமாகக் கொண்டு பாடசாலைப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டத் தொடங்கியது. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் இலங்கைக் களப் பறவையியல் குழு உருவானது. பேராசிரியர் சரத் கொட்டகம அதன் நிறுவுநர்களில் முதன்மையானவர். பாடசாலைகளுக்குள்ளே மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டம் இருந்தது. சின்னம் வாங்குவதற்காகச் சேர்ந்து, பிறகு சின்னத்தை மறந்து பறவையைப் பிடித்துக்கொண்டவர்கள் பலர்.

கொச்சிக்கடைப் பிள்ளைகளின் வழக்கமான முதல் நடை களனி முகத்துவாரத்துக்கு. சிவனொளிபாத மலைப்பக்கமிருந்து 145 கிலோமீற்றர் ஓடிவரும் ஆறு, ஊரிலிருந்து சில கிலோமீற்றர் வடக்கே மட்டக்குளியில் கடலோடு கலக்கிறது. விடிந்தும் விடியாததுமாகத் தேவாலயத்துக்கு அருகில் கூடி, முதல் பஸ்ஸைப் பிடித்து, காக்கைதீவில் இறங்குவது முறை. கையில் கொப்பி, பென்சில், தண்ணீர்ப் போத்தல், இடியப்பப் பார்சல். குழுவுக்கு ஒரேயொரு பைனாக்குலர், அதுவும் வழிகாட்டியுடையது. அவர் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவராக இருப்பார்.

பறவையின் பெயரை அவர் உடனே சொல்லமாட்டார். கொப்பியில் முதலில் நேரம், மேகம், காற்றின் திசை ஆகியவற்றை எழுதவேண்டும். பிறகு பறவையின் பருமன். ஊர்க்குருவி, மைனா, காகம் ஆகிய மூன்றும் அளவுகோல். கண்ட பறவை எதைவிடப் பெரிது, எதைவிடச் சிறிது என்று குறிக்கவேண்டும். அடுத்து சொண்டின் வடிவம், காலின் நிறம், நடக்கும் விதம், பறக்கும்போது தெரியும் வெள்ளைக்கோடு. இவ்வளவும் எழுதி முடித்த பின்புதான் பெயர். “சேர், அது என்ன குருவி?” என்று கேட்டவனுக்கு, “வால் என்ன செய்யுது எண்டு முதல்ல சொல்லு” என்ற பதில்தான் கிடைக்கும். வாலை மேலும் கீழும் ஆட்டினால் வாலாட்டி. பின்னுடல் முழுவதையும் ஆட்டிக்கொண்டு தண்ணீர் ஓரமாக ஓடினால் உள்ளான். இந்த ஒழுங்கு அப்போது எரிச்சலூட்டியது. ஆனால் பெயரை முதலில் கேட்டுக்கொண்டவன் அதன் பிறகு பறவையைப் பார்ப்பதேயில்லை என்பது கொஞ்ச நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எண்ணுவதற்கும் முறை உண்டு. ஆற்றுவாயின் மணல்திட்டில் ஆலாக்கள் கூட்டமாக நிற்கும்போது ஒவ்வொன்றாக எண்ண முயன்றால் பாதியில் அவை எழும்பிவிடும். பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்து, அதே அளவான துண்டுகளாகக் கூட்டத்தைப் பிரிக்கவேண்டும். கூட்டத்துக்குள் கனத்த உடம்போடு பழுப்புத்தலைக் கடற்காகம் ஒன்றிரண்டு நிற்கும். திபெத்துப் பக்கத்து உயர்நிலப் பொய்கைகளில் பொரித்த பறவை மட்டக்குளிச் சாக்கடை வாயில் நின்று மீன்குடலைத் தின்கிறது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நம்புவதற்குச் சற்று நேரம் எடுக்கும். இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் கொழும்பில் அகன்ற சேற்றுவெளி கிடையாது, கரைப்பறவைகளும் மன்னாரைப் போல ஆயிரக்கணக்கில் வராது. வந்த சிலவற்றை ஒவ்வொன்றாக நின்று பார்க்க நேரம் கிடைத்ததால், படிப்பதற்கு அது நல்ல இடமாகவே இருந்தது.

ஆற்றைக் கடந்தால் வத்தளை, அதற்கப்பால் முத்துராஜவெல. களனி வாய்க்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையில் 3,000 ஹெக்டேயருக்குச் சற்று அதிகமாகப் பரந்த கரையோரச் சதுப்பு அது. ஏறத்தாழ 7,000 ஆண்டுப் பழமையானது எனக் கணிக்கப்படுகிறது. கீழே மட்கிய புல்லும் வேரும் கரிமண்ணாகப் படிந்துள்ளன. 1996இல் அதன் வடபகுதி சரணாலயமாக்கப்பட்டது. 1802க்கும் 1804க்கும் இடையில் பிரித்தானியர் வெட்டிய ஹமில்டன் கால்வாய் இந்தச் சதுப்பின் ஓரமாக ஓடுகிறது. போப்பிட்டிய மையத்திலிருந்து படகில் ஏறினால் பாடம் வேறு. அங்கே நடப்பதற்கு நிலமில்லை. காலை மடக்கி உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கொச்சிக்கடைப் பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் சிரமம். கண்டல் வேர்களுக்கிடையில் நீந்தும் கபரக்கொய்யா, தலையை மட்டும் நீட்டும் நீர்க்காகம், கிளையில் அசையாமல் குந்தியிருக்கும் மீன்கொத்தி ஆகியவை எல்லாக் காலத்திலும் உண்டு. ஒக்ரோபரில் இவற்றோடு நீலவால் பஞ்சுருட்டான்கள் சேரும். தும்பியைப் பறந்தபடி பிடித்து, கிளையில் அடித்துக் கொன்று விழுங்கும். தும்பிகளிலும் ஊர்விட்டு ஊர்போகும் இனம் ஒன்று இருப்பதாகவும், ஒக்ரோபர், நவம்பரில் அது இந்தியாவிலிருந்து கடல்தாண்டி மாலைதீவு வழியாக ஆபிரிக்காப் பக்கம் போவதாகவும் 2009இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது, பழைய படகுப் பயணங்களில் தலைக்குமேல் புகைபோல நின்ற தும்பிக் கூட்டத்தை யாரும் கணக்கெடுக்காமல் விட்டது பலருக்கு உறைத்தது.

முத்துராஜவெலவில் வழிகாட்டிகள் தவறாமல் காட்டிய இன்னொன்று, அன்னமுன்னா இனத்தைச் சேர்ந்த ஒரு மரம். அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து வந்து கொழும்புச் சதுப்புகளில் புகுந்து, கோரையையும் கண்டலையும் தள்ளிக்கொண்டு பெருகிவிட்டது. பச்சையாக இருப்பதெல்லாம் நல்லதல்ல என்ற பாடம் அங்கே கிடைத்தது. வகுப்பறையில் மரநடுகை விழாப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது புதிது.

ஐப்பசி மழை தனி அத்தியாயம். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் கொழும்பில் காலையில் வானம் வெளுத்திருக்கும். பின்னேரம் இரண்டு மணிக்கு மேல் இடியோடு கொட்டும். ஆண்டின் மழை மிகுந்த மாதங்கள் இவை. ஆகவே எந்த நடையும் பதினொரு மணிக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். சிங்கராஜ வனத்துக்குப் போன வருடங்களில் அட்டைக்கடிக்காகக் காலில் சவர்க்காரம் பூசி, கையில் உப்புப் பொட்டலமும் தேசிக்காய்த் துண்டும் எடுத்துப் போனார்கள். அட்டை எப்படியும் கடித்தது. நகரத்திலேயே மழை பிடித்துக்கொண்டால் மாற்று ஏற்பாடு தேசிய நூதனசாலைப் பக்கம். 1955இல் வெளிவந்து இரண்டு தலைமுறைக்குக் கைநூலாக இருந்த இலங்கைப் பறவைகள் பற்றிய நூலை எழுதிய ஜீ. எம். ஹென்றி அங்கேதான் பணியாற்றினார். கந்தப்பொல தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். நூதனசாலையில் அவர் வகித்த பதவி பூச்சியியல் சார்ந்தது. நூலுக்கான படங்களையும் தானே வரைந்தார்.

யுத்த காலத்தில் இந்த நடைகளுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. துறைமுகம் உயர் பாதுகாப்பு வலயம். அதற்குப் பக்கத்து ஊரிலிருந்து தமிழ்ப் பையன் ஒருவன் விடியற்காலையில் பைனாக்குலரும் கொப்பியுமாகக் கடற்கரைப் பக்கம் போனால் என்ன கேள்வி வரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கொப்பியில் நேரமும் எண்ணிக்கையும் திசையும் எழுதப்பட்டிருப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. அடையாள அட்டை, பாடசாலைக் கடிதம், கடிதத்துக்குச் சிங்கள மொழிபெயர்ப்பு ஆகியவை இடியப்பப் பார்சலுக்கு முன் பைக்குள் போகும். சோதனைச் சாவடி ஒன்றில் கொப்பியின் ஒவ்வொரு பக்கமும் புரட்டப்பட்டு, வழிகாட்டி வந்து சிங்களத்தில் விளக்கும்வரை பிள்ளைகள் வீதியோரம் நின்றதுண்டு. சில பெற்றோர் அதோடு அனுப்புவதை நிறுத்தினார்கள். பெண்பிள்ளைகள் முதலில் நின்றுபோனார்கள். தொடர்ந்து வந்தவர்கள் கண்ணாலேயே பார்க்கப் பழகினார்கள். பைனாக்குலர் இல்லாமல் பழகிய கண் பறவையின் அசைவை வைத்தே இனத்தைச் சொல்லும் என்பது இந்தக் கஷ்டத்தின் பலன் என்று சிலர் சொல்வார்கள். கஷ்டத்துக்கு அப்படியொரு பெருமை கொடுக்கத் தேவையில்லை. பைனாக்குலர் இருந்திருந்தால் இன்னும் நன்றாகவே படித்திருப்பார்கள்.

2009இல் யுத்தம் முடிந்த பின் வடக்கு திறந்தது. மன்னார் வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டு 2010இல் ராம்சர் ஈரநில உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவமுள்ள தளமானது. முகத்துவார மணல்திட்டில் பத்துப் பத்தாக எண்ணிப் பழகியவர்கள் அங்கே ஆயிரம் ஆயிரமாக எண்ண நேர்ந்தது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் கோடிக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது; இலங்கையில் 2005இல் களப் பறவையியல் குழு பூந்தலவில் வளையமிடலைத் தொடங்கியது. அண்மைக் காலத்தில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்திய கடற்காகங்கள் ரஷ்யாவின் வடதுருவக் கரையோரம் வரை போய்த் திரும்பியது பதிவாகியுள்ளது. பழைய வழிகாட்டிகள் வரைபடத்தில் விரலால் கோடிழுத்துச் சொன்னதற்கு இப்போது புள்ளி புள்ளியாகச் சான்று கிடைக்கிறது.

நகரமும் தன் சதுப்புகளின் பெறுமதியைத் தாமதமாக உணர்ந்தது. பெல்லன்வில-அத்திடிய 1990இல் சரணாலயமானது. 2010இல் பெய்த மழையில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் மூழ்கிய பிறகு, ஈரநிலங்கள் வெள்ளநீரைப் பிடித்துவைக்கும் தொட்டிகள் என்பது திட்டமிடுவோருக்கும் விளங்கியது. பெத்தகான, தியசரு பூங்காக்களில் பலகைப் பாதை, கண்காணிப்புக் கோபுரம், தகவல் பலகைகள் எல்லாம் வந்தன. 2018 ஒக்ரோபரில் ராம்சர் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை உலகில் முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2019 ஏப்ரல் 21இல் அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. ஊர் நடையை மறந்து, இறந்தவர்களை எண்ணியது. பிறகு தொற்றுநோய், அதன்பின் எரிபொருள் தட்டுப்பாடு. 2021 மேயில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்தபோது அதிலிருந்த சுமார் 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலில் கலந்து, சரக்குவ உட்பட மேற்குக் கரையெங்கும் வெள்ளையாகக் குவிந்தன. அதற்குப் பிந்திய கரையோர நடைகளில் மணலைச் சல்லடையில் அரித்து மணிகளை எண்ணுவதும் ஒரு பயிற்சியாகச் சேர்ந்துகொண்டது.

இன்றைய நிலையில் இரண்டு குறைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. பலகைப் பாதையும் கோபுரமும் கொண்ட பூங்காக்கள் எல்லாம் நகரின் கிழக்கிலும் தெற்கிலும்; வடக்கில் அப்படியொன்று இல்லை. இரண்டாவது இதைவிடப் பெரிது. வழிகாட்டல் நடப்பது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். முதலாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டு வரை தமிழில் “சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்” என்ற பாடத்தைப் படிக்கும் பிள்ளை, சதுப்பின் கரையில் நின்று தன் மொழியில் ஒரு கேள்வி கேட்க முடியாமல் நிற்கிறது. தொண்ணூறுகளில் நடந்தவர்கள் மூன்று மொழியிலும் பெயர்களைப் பொறுக்கிச் சமாளித்தார்கள். எல்லாப் பிள்ளைகளிடமும் அதை எதிர்பார்க்க முடியாது.

தீர்வு கடினமானதல்ல. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கும் தமிழ்ப் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஓர் ஆசிரியர் களப் பறவையியல் குழுவின் நடைகளுக்கு ஒரு பருவம் முழுவதும் போய் வந்தால் போதும். அடுத்த பருவத்தில் அவரே வழிகாட்டி. உலக வலசைப் பறவைகள் தினம் மே மாதத்திலும் ஒக்ரோபரிலும் இரண்டாம் சனிக்கிழமையில் வருகிறது. ஒக்ரோபரில் வருவது இங்கே பறவைகள் வந்திறங்கும் நேரம். அந்தக் காலையில் கொச்சிக்கடையிலிருந்து முதல் பஸ்ஸில் காக்கைதீவுக்குப் போகலாம். செலவு பஸ் காசு மட்டும். கொப்பியும் பென்சிலும் எடுத்துப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், மழைக்கு முன் திரும்பிவிடுங்கள்.